இல்லறத்திலும் சிறையிலும் துணை நின்ற கஸ்தூர்பா காந்தி

புணே ஆகா கான் மாளிகையில் கைதியாக இருந்த கஸ்தூர்பா காந்தி, 1944 பிப்ரவரி 22-ஆம் தேதி, மகா சிவராத்திரி நாளன்று, கணவரின் மடியில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 74. அறுபது ஆண்டுகளுக்கும் மேலான இல்லற வாழ்க்கை அந்தச் சிறைக் கூடத்தில் நிறைவுற்றது.

போர்பந்தரில் வணிகர் குடும்பம் ஒன்றில் 1869-இல் பிறந்த கஸ்தூர்பா, 1883-இல் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தியை மணந்தார். கணவரைவிடச் சில மாதங்கள் மூத்தவர். முதல் குழந்தை பிறந்த சில நாள்களிலேயே இறந்தது. பின்னர் ஹரிலால், மணிலால், ராம்தாஸ், தேவதாஸ் ஆகிய நான்கு மகன்களுக்குத் தாயானார்.

கணவரின் கொள்கைகளை அவர் எளிதில் ஏற்றுக்கொண்டவர் அல்லர். 1901-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து விடைபெற்றபோது, இந்தியர்கள் அன்பளிப்பாக அளித்த தங்க நகைகளைப் பொதுப்பணிக்கு ஒப்படைக்க காந்தி முடிவு செய்தார். வரப்போகும் மருமகள்களுக்கு அவை வேண்டும் என்று வாதாடிய கஸ்தூர்பா, இறுதியில் கண்ணீருடன் இணங்கினார்.

ஆனால், 1913-இல் போராட்டக் களத்துக்கு அவரே முன்வந்தார். கிறிஸ்தவ முறைப்படி நடைபெறாத திருமணங்கள் செல்லாது என்று தென்னாப்பிரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், இந்தியப் பெண்களின் மனைவி என்ற உரிமையே கேள்விக்குள்ளானது. தடையை மீறி டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்த கஸ்தூர்பாவுக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. அதே போராட்டத்தில் சிறை சென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை, 1914 பிப்ரவரி 22-இல் மறைந்தார். சரியாக 30 ஆண்டுகளுக்குப் பின் அதே நாளில் கஸ்தூர்பாவும் மறைந்தார்.

இந்தியா திரும்பிய பின் 1917-இல் சம்பாரண் கிராமங்களில் பெண்களிடையே தூய்மைப் பணி ஆற்றினார். 1939-இல் ராஜ்கோட் போராட்டத்தில் கைதானார்.

தாயாக அவர் சுமந்த துயரம் பெரிது. மூத்த மகன் ஹரிலால் தந்தையுடன் முரண்பட்டு விலகி, மதுவுக்கு அடிமையானார். ஹரிலாலின் மனைவி 1918-இல் விஷக் காய்ச்சலில் இறந்தபோது, தாயை இழந்த பேரக்குழந்தைகளைக் கஸ்தூர்பாவே வளர்த்தார். ஒருமுறை கட்னி ரயில் நிலையத்தில் திடீரென வந்து நின்ற ஹரிலால், தாய்க்கு மட்டும் என்று ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்தார். உடன் வருமாறு தாய் மன்றாடியும் அவர் இணங்கவில்லை. ரயில் புறப்பட்ட பிறகே, மகனுக்குத் தான் எதுவும் உண்ணக் கொடுக்கவில்லை என்பது தாய்க்கு நினைவு வந்தது.

இளைய மகன் தேவதாஸ், ராஜாஜியின் மகள் லட்சுமியை 1933-இல் மணந்ததன் மூலம், தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கும் கஸ்தூர்பா உறவானார்.

வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது, 1942 ஆகஸ்ட் 9-இல் கைதான காந்திக்குப் பதிலாக மும்பை சிவாஜி பூங்கா கூட்டத்தில் பேசப் புறப்பட்டபோது கஸ்தூர்பாவும் கைது செய்யப்பட்டார். மாளிகைச் சிறையில் இதய நோயும் மூச்சுத் திணறலும் அவரை வாட்டின. இறுதி நாள்களில் தேவதாஸ் பெனிசிலின் மருந்தை வரவழைத்தார். மனைவியின் உடலை ஊசிகளால் மேலும் வருத்த காந்தி உடன்படவில்லை.

காந்தி நூற்ற நூலில் நெய்த சேலை போர்த்தி, மாளிகை வளாகத்திலேயே அவருக்கு எரியூட்டப்பட்டது. சாம்பலில் அவரது கண்ணாடி வளையல்கள் உடையாமல் கிடந்தன. கிராமப்புறப் பெண்கள், குழந்தைகளின் நலனுக்காக அவர் பெயரில் தேசிய நினைவு அறக்கட்டளை நிறுவப்பட்டது. அவரது சமாதி இன்றும் அந்த வளாகத்தில் உள்ளது.