ஐடா லூப்பினோ: குலத்தொழிலும் தன்வழியும்

நடிப்புக்கலை ஒரு குடும்பத்திற் பல தலைமுறையாகப் பயின்று வருமாயின், அங்கே பிறந்த பிள்ளைக்குத் தொழில் எளிதில் வாய்க்கும். அத்தொழிலிற் சுயாதீனம் அவ்வாறு வாய்ப்பதில்லை. முன்னோர் தேடிய புகழே பின்னோர்க்குத் தளையாவதும் உண்டு. இதனை எண்ணும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர், அமெரிக்காவிற் சுயேச்சையாகத் திரைப்படம் எடுத்த ஐடா லூப்பினோ அம்மையார்.

அவர் 1918 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 4 ஆந் திகதி இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் ஸ்டான்லி லூப்பினோ மேடையிலும் திரையிலும் பெயர்பெற்ற நகைச்சுவை நடிகர். தாயார் கொனி எமரல்டும் நடிகையே. உறவினராகிய லூப்பினோ லேன் ஊமைப்படக் காலத்திலேயே புகழெய்திய விகடர். எழுத்தாளராக வேண்டுமென்பதே சிறுமியின் விருப்பம். எனினும், தந்தையார் மகிழும்பொருட்டு நாடகக் கல்லூரியிற் சேர்ந்தார். முன்னர்த் தாயாரை வைத்துப் பரீட்சித்துப் பார்த்த வேடமொன்று, 1932 இல், பதினான்கு வயது மகளுக்குக் கிடைத்தது. 1933 இல் ஹொலிவூட் சென்றார். மறுவருடம் இளம்பிள்ளைவாதம் அவரைப் பற்றியது. நோய் தீர்ந்தது, ஆயினும் உடலழகையே முதலாகக் கொண்ட தொழில் எத்துணை நிலையற்றது என்னும் உண்மையை அது உணர்த்திச் சென்றது.

பின்னர் வார்ணர் பிரதர்ஸ் நிறுவனத்தின் நட்சத்திரமாக விளங்கினார். 1941 இல் வெளிவந்த ‘ஹை சியரா’வில், ஹம்பிரி போகார்ட்டின் பெயருக்கு முன்னதாக அவர் பெயர் இடப்பட்டது. ஆயினும், தமக்கு ஒவ்வாத வேடங்களை அவர் மறுத்தார். நிறுவனம் அவரைப் பணியினின்று இடைநிறுத்தியது. அந்நாட்களை அவர் வீணே கழித்திலர். படப்பிடிப்புத் தளங்களிற் போய் நின்று, கமராவை எங்கே வைக்கின்றனர், காட்சியை எவ்வாறு வெட்டி ஒட்டுகின்றனர் என்பவற்றையெல்லாம் கண்டு கற்றார்.

1949 இல், அப்போது கணவராயிருந்த கொலியர் யங்குடன் சேர்ந்து, சிறு முதலிற் படமெடுக்க முற்பட்டார். மணமாகாமலே தாயான ஒரு பெண்ணின் கதையாகிய ‘நொட் வோண்டட்’ அவ்வாறு பிறந்தது. படப்பிடிப்புத் தொடங்கிய சில நாட்களில் நெறியாளர் எல்மர் கிளிவ்டன் மாரடைப்பால் வீழ்ந்தார். லூப்பினோ தாமே படத்தை நெறிப்படுத்தி முடித்தார். எனினும் நெறியாளர் என்று கிளிவ்டனின் பெயரையே இருக்கவிட்டார். அடுத்த படமாகிய ‘நெவர் பியர்’, இளம்பிள்ளைவாதத்தால் நடையிழந்த நடனமாதின் கதை. தாம் பட்ட துன்பத்தை அவர் அங்கே கலையாக்கினார். சாந்தா மொனிக்காவிலிருந்த சிகிச்சை நிலையத்தின் நோயாளர் பலர் அதிலே தோன்றினர்.

1950 இல் வெளிவந்த ‘அவுட்ரேஜ்’ இன்னும் துணிவு மிக்கது. வல்லுறவுக்கு ஆளான இளம்பெண் ஒருத்தியின் மனநிலையை அது காட்டுகின்றது. தணிக்கைக் கட்டுப்பாட்டினால் அக்குற்றத்தின் பெயரைப் படத்தில் எவரும் உச்சரிப்பதில்லை. ஆயின், அயலாரின் பார்வையும் அலுவலகத்துச் சிறு ஓசைகளும் அவளை வதைப்பதைக் காண்போர், பெயர் கூறாமலே யாவற்றையும் அறிந்துகொள்வர். அவருடைய படங்களின் முடிவுகள் சில அவசரமான ஆறுதலாக அமைந்தன என்பது என் கருத்து. அக்குறை கொண்டு அவற்றின் பெருமையை மறுத்தல் தகாது.

ஹொலிவூட்டில் நெறியாளராகத் தொழில் செய்த பெண்டிர் அக்காலத்தில் மிகவும் அரியர். நெறியாளர் சங்கத்தில் டொரதி ஆர்ஸ்னருக்குப் பின் உறுப்புரிமை பெற்ற இரண்டாவது பெண் லூப்பினோவே. ஆண்களை ஏவினால் அவர்கள் மனங்கோணுவர் என்றறிந்து, தம்மைத் தாயென அழைப்பித்து, இன்சொல்லால் வேலை வாங்கினார். அவருடைய நாற்காலியின் பின்புறத்திலும் தாயென்னும் பெயரே பொறிக்கப்பட்டிருந்தது. அதனைப் பணிவெனக் கொள்வோர் உளர். யான் அதனை மதிநுட்பம் என்பேன்.

1953 இல் வெளிவந்த ‘த ஹிட்ச்-ஹைக்கர்’, பில்லி குக் என்னும் கொலைஞனின் உண்மைச் செயல்களைத் தழுவியது. பெண்பாத்திரங்களுக்கு முதன்மை தராத அப்பயங்கரக் கதையையும் அவர் திறம்படக் கையாண்டார். அதே ஆண்டின் ‘த பிகமிஸ்ட்’ இரு மனைவியரைக் கொண்ட ஒருவனின் கதை. எழுதியவர் மணமுறிவு பெற்ற யங், ஒரு மனைவியாக நடித்தவர் யங்கின் புதிய மனைவி ஜோன் பொன்டெய்ன், மற்றையவர் லூப்பினோ. மூவரில் எவரையும் கொடியவராகக் காட்டாமை அந்தப் படத்தின் தனிச்சிறப்பு.

படங்களைத் தாமே விநியோகிக்கவும் அவர்தம் நிறுவனம் துணிந்தது. திரையரங்குகளைத் தம் வசம் வைத்திருந்தோர்க்கு ஈடுகொடுக்க மாட்டாது, 1955 அளவில் அது வீழ்ந்தது. அதன்பின் அவர் தொலைக்காட்சிக்கு எண்ணற்ற நாடகங்களை நெறிப்படுத்தினார். 1966 இல் ‘த ட்ரபிள் வித் ஏஞ்சல்ஸ்’ என்னும் ஒரு படத்தை மாத்திரம் வெள்ளித்திரைக்கு அளித்தார். 1995 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3 ஆந் திகதி லொஸ் ஏஞ்சலிசில் மறைந்தார்.

மூன்றாண்டு கழித்து, ‘த ஹிட்ச்-ஹைக்கர்’ அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. நடிப்பு லூப்பினோவுக்குக் குடும்பம் வைத்துச் சென்ற சொத்து. நெறியாள்கையோ அவர் தாமே ஈட்டியது. அதற்காக நட்சத்திர வாழ்வின் வசதியைத் துறந்தார், கைப்பொருளும் இழந்தார். இன்று அவர் பெயர் நிலைத்து நிற்பது அவ்வாறு ஈட்டிய சிறுசிறு படங்களினாலேயே.