யாழை மீட்ட துறவி

சங்க இலக்கியத்தைப் படிப்போர் யாழைக் காணாமல் இருக்க முடியாது. பாணன் கையில் யாழ் இருக்கும். ஐந்திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் யாழ் இருக்கும். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் ஓசையைக் கேட்டவர் தமிழகத்தில் ஒருவரும் இல்லை. பாணர் மரபு மறைந்தது. வீணை அவைகளில் இடம்பெற்றது. யாழ் ஏட்டளவில் நின்றது. யாழும் வீணையும் ஒன்றே என்று எண்ணியோரும் இருந்தனர். கருவியே எஞ்சாத நிலையில் அதன் நரம்புகளை எங்ஙனம் சுருதி கூட்டுவது? இவ்வினாவுக்கு விடை காணத் தம் வாழ்வின் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகளை அளித்தவர் விபுலானந்த அடிகளார்.

இலங்கையின் கிழக்குக் கரையில் காரைதீவு என்னும் ஊரில், சாமித்தம்பி, கண்ணம்மையார் ஆகியோர்க்கு மகனாக 1892ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள் அடிகளார் பிறந்தார். பெற்றோர் வழங்கிய பெயர் மயில்வாகனன். சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் உ.வே. சாமிநாதையர் முதன்முதலில் பதிப்பித்து வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். அந்நூலின் இசைப்பகுதிகளே பின்னாளில் அடிகளாரின் ஆய்வுக்கு அடிநிலமாயின.

மயில்வாகனனாரின் கல்வி இரு வழிகளில் நடந்தது. கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் அறிவியல் பயின்றார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் வெற்றி பெற்றார். யாழ்ப்பாணத்தில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றியவாறே இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் இளவர் பட்டத்தையும் பெற்றார். பௌதிகம் கற்றவர் பழைய உரைகளைப் படிப்பது அரிது. உரைகளில் தோய்ந்தவர் அதிர்வெண் கணக்கைத் தொடுவது அதனினும் அரிது. இரண்டும் ஒருவரிடம் அமைந்தமை யாழின் நற்பேறு என்றே கூறவேண்டும்.

1922இல் சென்னை மயிலாப்பூரிலுள்ள இராமகிருஷ்ண மடத்தை அடைந்து, 1924இல் துறவு பூண்டு விபுலானந்தர் என்னும் பெயர் பெற்றார். ஷேக்ஸ்பியர் நாடகங்களை ஆராய்ந்து மதங்க சூளாமணி இயற்றியதும், மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயம் கண்டதும், அறிவியல் கலைச்சொல்லாக்கத்தில் பங்கேற்றதும் தனித்தனியே விரித்துரைக்கத் தக்கவை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931 முதல் 1933 வரை தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். அக்காலத்தையொட்டியே அவர் சிலப்பதிகார அரங்கேற்று காதையின் இசைக்குறிப்புகளில் ஆழ்ந்தார்.

அடிகளார்முன் இருந்த சான்றுகள் சிதறியவை, எனினும் வளமானவை. பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயன் குமிழமரத்தின் துளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்கிறான். கற்றறிந்த பாணரின் யாழோ நுட்பம் மிக்கது. பத்தர் என்னும் குடப்பகுதி, அதனைப் போர்த்த தோல், வளைந்தெழும் கோடு, கோட்டில் நரம்பை இறுக்கும் திவவு என அதன் உறுப்புகளைப் புலவர்கள் உவமை கூறி விளக்கினர். திவவு, பெண்ணின் முன்கையில் அணிந்த வளையல் போன்றதாம்; அது நெகிழவும் இறுகவும் வல்லதாம். படிப்போர் அழகிய உவமை என்று கடந்துவிடக்கூடிய இடம் இது. நெகிழ்ந்து இறுகும் கட்டு என்றால் சுருதி கூட்டும் பொறி என்பதல்லவா பொருள்!

வீணையில் மெட்டுகள் உண்டு. ஒரே தந்தியை வெவ்வேறு மெட்டில் அழுத்திப் பல சுரங்களைப் பெறலாம். யாழில் மெட்டு இல்லை. ஒரு நரம்புக்கு ஓர் ஓசையே. அமராவதிச் சிற்பங்களில் காணப்படும் வில்வடிவ நரம்புக் கருவியும் இத்தகையதே. ஆதலால் நரம்புகளின் எண்ணிக்கையும் அவற்றைக் கூட்டும் முறையும் யாழுக்கு உயிராயின. பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என நரம்புகளின் தொகையை உரை வகுத்துரைக்கிறது.

நரம்புகளை எவ்வரிசையில் கூட்டுவது? குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன ஏழிசை. தாரத்தில் உழை பிறக்கும். உழையில் குரலும், குரலில் இளியும், இளியில் துத்தமும், துத்தத்தில் விளரியும், விளரியில் கைக்கிளையும் பிறக்கும் என்பது பழமரபு. தமிழ்ப் புலவருக்கு இது மனனம் செய்யவேண்டிய வரிசை. அறிவியல் பயின்றவருக்கோ இது கணக்கு. தடிப்பும் இழுவிசையும் மாறாத ஒரு நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் மேற்குரல் ஒலிக்கும். மூன்றில் இரு பங்காக்கினால் இளி ஒலிக்கும். ஒவ்வோர் இசையிலிருந்தும் அதன் இளியைக் கண்டு செல்வதே பழமரபு கூறும் பிறப்புமுறை. குரலும் இளியும் ஒன்றி இனிமையாய் ஒலிப்பதைச் செவி தானே உணரும். அளவுகோல் ஏதுமின்றிப் பாணன் ஏழு நரம்புகளையும் கூட்டியது இவ்வாறே.

ஏழிசைக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகு வகுத்தனர், கூட்டினால் 22. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் 24 சுருதி என்று வாதிட்டிருந்தார். அடிகளார் 22 என்பதையே ஏற்றுக் கணக்கிட்டார். இவ்வேறுபாடு இசையறிஞரிடையே நெடுங்காலம் பேசப்பட்டது.

குரல் முதலாக இசைப்பது செம்பாலை. இன்றைய அரிகாம்போதி அது என்பர் அறிஞர் பலர். நரம்புகளை மாற்றாமல் துத்தத்தையே குரலாகக் கொண்டு தொடங்கினால் படுமலைப்பாலை பிறக்கும். இவ்வாறு ஏழு நரம்பும் முறையே குரலாக ஏழு பாலை தோன்றும். பன்னிரு இராசி வீடுகளைக் கொண்டு முன்னோர் வரைந்த வட்டம் இம்மாற்றத்தையே குறித்தது. சோதிடக் குறிப்புப் போலத் தோன்றிய பகுதிகள் அடிகளார் கையில் இசையிலக்கணமாகத் துலங்கின.

இவ்வாய்வு ஓரிடத்தில் அமர்ந்து செய்யப்பட்டதன்று. இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்தில் பிரபுத்த பாரத இதழின் ஆசிரியராய் இருந்தபோதும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானபோதும் ஏடும் கணக்கும் அவருடன் சென்றன. உடல்நலம் குன்றியது, பணி நிற்கவில்லை. பாயிரவியல் முதல் ஒழிபியல் ஈறாக ஏழு இயல்கள் கொண்ட யாழ்நூல் நிறைவுற்றது. பாலைத்திரிபையும் பண்ணையும் தனித்தனி இயல்களில் ஆராய்ந்த அடிகளார், தேவாரத்துக்கென்றும் ஓர் இயல் வகுத்தார். தேவாரம் பாடிய திருஞானசம்பந்தருடன் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழேந்திச் சென்றார் என்பது மரபு. சம்பந்தரின் பாடலொன்று யாழில் அடங்காமையால் பாணர் கருவியையே முறிக்கத் துணிந்தார் என்கிறது பெரியபுராணம். ஒரு நரம்புக்கு ஓர் ஓசையே உடைய கருவியை அறிந்தோர்க்கு அவர் துயரம் நன்கு விளங்கும்.

அச்சம்பந்தர் பாடிய திருக்கொள்ளம்பூதூர்க் கோவிலில் 1947ஆம் ஆண்டு சூன் 5, 6ஆம் நாள்களில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், யாழ்நூல் அரங்கேறியது. அடிகளார் கணித்த அளவின்படி செய்த யாழ்கள் அவைக்குக் கொண்டுவரப்பட்டு மீட்டப்பட்டன. பல நூற்றாண்டுகள் ஏட்டில் உறங்கிய ஓசையை அங்கிருந்தோர் கேட்டனர்.

அடுத்த திங்கள், சூலை 19ஆம் நாள், அடிகளார் இயற்கை எய்தினார். மட்டக்களப்பில், அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளாகத்தில் அவருடைய சமாதி அமைந்துள்ளது.