டிரவுட் மீனும் டாக்டர் பிரான்சிஸ் டேயும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

பிரான்சிஸ் டே என்றவுடன் வரலாற்றுத் துறை நண்பர்களுக்கு 1639-ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். கடற்கரையில் ஒரு மணல் திட்டைப் பெற்று, பின்னாளில் சென்னை மாநகராக வளர்ந்த குடியேற்றத்துக்கு வித்திட்ட கம்பெனி அலுவலர் அவர். விலங்கியல் மாணவர்களாகிய எங்களுக்கோ அதே பெயரில் வேறொருவர் இருக்கிறார். முன்னவருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த மருத்துவர் அவர். நம் நாட்டு மீன்கள் பலவற்றின் அறிவியற் பெயரை முழுமையாக எழுதினால் இறுதியில் ‘டே’ என்ற சொல் வந்து நிற்கும். அந்த மீனை உலகுக்கு முதலில் விவரித்தவர் அவர் என்பது அதன் பொருள். தேர்வுக்காக அப்பெயரை எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். அவர் வாழ்க்கையையும் சிறிது அறிந்துகொள்வது நன்று.

பிறப்பும் கல்வியும்

பிரான்சிஸ் டே 1829-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் பிறந்தார். லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார். 1852-இல் சென்னை மாகாண மருத்துவப் பணியில் உதவி அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். அவ்வாண்டு தொடங்கிய இரண்டாம் பர்மியப் போரில் பணியாற்றிய பின் தென்னாட்டின் பல ஊர்களுக்கு மாற்றப்பட்டார்.

அவர் வாழ்வில் திருப்பம் ஏற்பட்ட இடம் கொச்சி. காயலும் கடலும் ஆறும் ஒன்றுகூடும் அந்த ஊரின் மீன் சந்தை அவருக்கு ஒரு பள்ளிக்கூடமாயிற்று. பகலில் நோயாளிகளைப் பார்த்தவர், ஓய்வு நேரத்தில் மீன்களை அளந்தார், துடுப்புகளின் முட்களை எண்ணினார், படம் வரைந்தார். கொச்சியின் வரலாற்றைப் பற்றி 1863-இல் ஒரு நூலும், மலபார் மீன்களைப் பற்றி 1865-இல் ஒரு நூலும் வெளியிட்டார். மீன்காட்சித் தொட்டிகளில் இன்று உலகமே விரும்பும் ‘மிஸ் கேரளா’ என்ற செங்கோட்டு மீனை 1865-இல் விவரித்து, அப்போதைய சென்னை ஆளுநர் டெனிசன் பெயரைச் சூட்டியவர் இவரே.

மலை ஓடைக்கு மீன் தேடியவர்

நீலகிரியில் குடியேறிய ஆங்கிலேயருக்கு ஒரு குறை இருந்தது. குளிர் இருந்தது, பனி மூடிய புல்வெளியும் சலசலக்கும் ஓடையும் இருந்தன. ஆனால் ஓடையில் டிரவுட் இல்லை.

டிரவுட் மீனுக்கு அவர்கள் ஏன் அப்படி ஏங்கினார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த இம்மீன் குளிர்ந்த, தெளிந்த, உயிர்வளி மிகுந்த நீரில் மட்டுமே வாழும். நீரின் மேற்பரப்பில் வந்து விழும் பூச்சிகளை எழும்பிப் பிடித்துத் தின்னும். ஆகவே மண்புழு கோத்த தூண்டிலைவிட, இறகும் மயிரும் நூலும் கொண்டு ஈயைப் போலக் கட்டிய சிறு முள்ளே இதற்கு ஏற்றது. இந்தப் பொய் ஈக்கு எடை கிடையாது. எனவே கனமான நூலைச் சாட்டை போல முன்னும் பின்னும் வீசி, ஈ மட்டும் மெல்ல நீரில் இறங்கும்படி செய்ய வேண்டும். எந்த மாதத்தில் எந்தப் பூச்சி பறக்கிறது என்று பார்த்து அதற்கேற்ற ஈயைக் கட்ட வேண்டும். குளிர்காலம் டிரவுட் முட்டையிடும் காலம். அப்போது பிடிப்பதை நிறுத்திவிடுவார்கள். வசந்தம் வந்ததும் மீண்டும் தூண்டிலை எடுப்பார்கள். ஒரு மீனுக்காகப் பருவம், பூச்சி, நீரோட்டம் மூன்றையும் படிக்க வேண்டியிருந்ததால் அது பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடந்து ஒரு கலையாகவே வளர்ந்திருந்தது.

அந்த மீனை நீலகிரிக்குக் கொண்டுவர 1863-இல் முதன்முதலாக முயன்றவர் டாக்டர் டே. முயற்சி தோற்றது. சில ஆண்டுகளில் மீண்டும் முயன்றார், அதுவும் தோற்றது.

தோல்விக்குக் காரணம் உயிரியல். உயிருள்ள மீனை அவ்வளவு தூரம் கொண்டுவருவது அரிது. முட்டையாகக் கொண்டுவருவதே வழி. நீர் நன்கு குளிர்ந்திருந்தால் டிரவுட் முட்டை பொரிக்க இரண்டு மாதங்களுக்கு மேலாகும். வெப்பம் ஏற ஏற அந்த நாட்கள் குறையும். மேலும் ஏறினால் கரு இறந்துவிடும். முட்டை கிடைப்பதோ குளிர்காலத்தில் மட்டுமே. அந்நாளில் சூயஸ் கால்வாய் இல்லை. அது 1869-இல்தான் திறக்கப்பட்டது. எகிப்தில் கப்பலை விட்டு இறங்கி, தரைவழி கடந்து, செங்கடலில் வேறு கப்பல் ஏற வேண்டும். செங்கடலின் வெப்பத்தில் பனிக்கட்டி எத்தனை நாள் தாங்கும்? அதையும் தாண்டி வந்தால் சமவெளியின் வெயில், அதன்பின் மலை ஏற்றம். மலை ரயில் குன்னூரை அடைந்தது 1899-இல். உதகையை அடைந்தது 1908-இல்.

இதே காலத்தில் ஆஸ்திரேலியாவுக்கு அருகிலுள்ள டாஸ்மேனியாத் தீவுக்கும் முட்டைகள் அனுப்பப்பட்டன. அங்கும் பல முறை தோல்வி. இறுதியில் 1864-இல் ஈரப் பாசியில் முட்டைகளைப் பொதிந்து, கப்பலுக்குள் ஒரு பனிக்கட்டி அறையே கட்டி, ஏறத்தாழ மூன்று மாதப் பயணத்துக்குப் பின் உயிருடன் கொண்டுசேர்த்தனர். டேயின் எண்ணம் தவறானதன்று. அதற்கு வேண்டிய பனிக்கட்டியும் பாதையும் அவருக்கு வாய்க்கவில்லை.

நம் ஆறுகளின் பக்கம் திரும்பினார்

அயல்நாட்டு மீனைக் கொண்டுவர முயன்றவர் அதன் பிறகு செய்ததே அவரை நாம் போற்றுவதற்குரிய பணி. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட அணைக்கட்டுகளால் மீன்களுக்கு என்ன நேர்கிறது என்று ஆராயும் வேலை அவரிடம் வந்தது. 1871 முதல் 1877 வரை இந்திய மீன்வளத் தலைமை ஆய்வாளராகப் பொறுப்பு வகித்தார். இந்தியாவிலும் பர்மாவிலும் ஆறு ஆறாகச் சுற்றினார். வெள்ளைக்கார அதிகாரிகளிடம் மட்டும் கேட்டு நின்றுவிடவில்லை. ஊர் நிலையை நேரில் அறிந்த தாசில்தார்களிடமிருந்தும் விவரம் வாங்கினார். எந்த மாதத்தில் எந்த மீன் ஏறுகிறது, எந்தக் கண்ணளவுள்ள வலை போடுகிறார்கள், நஞ்சு கலக்கிறார்களா என்பனவெல்லாம் 1873-இல் வெளிவந்த அவரது அறிக்கையில் இடம்பெற்றன.

கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் உல்லம் மீனின் கதை அதில் முக்கியமானது. கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய அணையில் மோதி, மேலே செல்ல வழியின்றி அம்மீன்கள் கூட்டமாக நின்றுவிடும். நின்ற இடத்திலேயே பிடிபடும். ஆகவே அணைகளில் மீன் ஏறுவதற்குத் தனி வழி விட வேண்டும், குஞ்சுகளை அள்ளும் மிகச் சிறு கண் வலைகளைத் தடுக்க வேண்டும், நீரில் நஞ்சு கலப்பதை நிறுத்த வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

அரசு உடனே இணங்கவில்லை. சட்டம் தேவையில்லை என்று கருதிய அதிகாரிகள் இருந்தனர். ஏழைகளின் உணவில் கை வைப்பதா என்ற தயக்கமும் இருந்தது. அந்தத் தயக்கத்தை நான் இகழமாட்டேன். சிறு வலை வைத்திருப்பவன் பெரும்பாலும் ஏழை. சட்டம் வந்தால் முதலில் பிடிபடுபவனும் அவனே. அணை கட்டியவர்களோ பிடிபடுவதில்லை. ஆனால் டே இரண்டையும் சேர்த்தே சொன்னார் என்பதை மறக்கலாகாது. அணையின் குற்றத்தை மறைத்து வலையின் மேல் மட்டும் அவர் பழி போடவில்லை. வெடி வைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல் வந்தது. அதைக் காண அவர் உயிருடன் இல்லை.

‘இந்திய மீன்கள்’

அவருடைய பெருநூலான ‘இந்திய மீன்கள்’ 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. நன்னீரிலும் கடலிலும் வாழும் மீன்களை வரிசைப்படுத்தி விரிவான படங்களுடன் விளக்கிய அந்நூலை, நூறாண்டுகளுக்கு மேலாகியும் ஆய்வாளர்கள் புரட்டிப் பார்க்கிறார்கள். பவானி ஆற்று மீன் ஒன்றுக்கு ஆற்றின் பெயரையே அறிவியற் பெயராக வைத்தவர் அவர். அம்மீன் இன்று மிக அரிதாகிவிட்டது.

அந்நூலில் என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. இலத்தீன் பெயருக்குக் கீழே தமிழ், தெலுங்கு, மலையாளம் முதலிய மொழிகளில் அந்தந்த மீனுக்கு வழங்கும் பெயர்களைத் தந்திருக்கிறார். உல்லம், விரால் என்று நம் சொற்கள் ஆங்கில எழுத்தில் சற்றுக் குலைந்த உருவில் நிற்கின்றன. என் தந்தையார் பள்ளிக்கூடம் கண்டவரல்லர். ஏரியில் வலை வீசிப் பிழைப்பவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல்வன். அப்பா வாயில் வழங்கும் சொற்கள் ஒரு பெரும் அறிவியல் நூலில் அச்சாகி இருப்பதைக் கண்டபோது, இந்த அறிவில் எங்களுக்கும் பங்குண்டு என்று தோன்றியது. அப்பெயர்களைச் சொன்னவர்கள் சந்தையிலும் கரையிலும் இருந்த எளிய மக்களாகத்தான் இருக்க வேண்டும். அவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. அவர்கள் தந்த சொற்கள் மட்டும் இருக்கின்றன.

மீண்டும் டிரவுட்

1877-இல் ஓய்வு பெற்ற டே, இங்கிலாந்தில் செல்டன்ஹாம் நகரில் குடியேறினார். இருமுறை மணந்தவர், மனைவியர் இருவரும் அவருக்கு முன்பே மறைந்தனர். அத்துயரிலும் உழைப்பு நிற்கவில்லை.

அப்போது பிரிட்டிஷ் மியூசியத்தின் விலங்கியல் துறைத் தலைவராக இருந்தவர் ஆல்பர்ட் குந்தர். மீனியலில் அவரும் ஒரு மாமேதை. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. தம் மீன் சேகரிப்பின் பெரும் பகுதியை டே 1880-களில் சிட்னியிலுள்ள ஆஸ்திரேலிய மியூசியத்துக்கு விற்றுவிட்டார். இதனால் நம் ஊர் ஆற்று மீன்கள் பல, கடல் கடந்து அங்கே சாராயக் குடுவைகளில் இருக்கின்றன.

இருவரின் கருத்து வேற்றுமையில் டிரவுட்டும் ஒரு பொருள். நிறம், புள்ளி, உருவம் ஆகியவற்றின் வேறுபாட்டைக் கொண்டு பிரிட்டனின் டிரவுட்டைக் குந்தர் பல இனங்களாகப் பிரித்தார். டே இதை ஏற்கவில்லை. ஸ்காட்லாந்தில் சர் ஜேம்ஸ் மெய்ட்லண்ட் நடத்திய ஹோவிட்டன் மீன் பண்ணையில் நடந்த கலப்புச் சோதனைகளைக் கவனித்தார். ஒரே மீன், வாழும் நீருக்கும் உண்ணும் உணவுக்கும் ஏற்ப நிறமும் உருவும் மாறும் என்று கண்டார். ஓடையிலேயே தங்கும் பழுப்பு டிரவுட்டும், கடலுக்குச் சென்று வெள்ளி நிறத்துடன் திரும்பும் கடல் டிரவுட்டும் ஒரே இனம் என்று 1887-இல் வெளியிட்ட நூலில் முடிவு கூறினார். இன்றைய விலங்கியல் அவ்விரண்டையும் ஒரே இனமாகவே கொள்கிறது. இளமையில் கைக்கு எட்டாத மீன், முதுமையில் அவருக்கு ஓர் உண்மையைத் தந்தது.

பிரிட்டிஷ் இந்திய விலங்கினங்கள் என்ற நூல் வரிசையில் 1,400-க்கும் மேற்பட்ட மீனினங்களை விளக்கும் இரு தொகுதிகளை எழுதினார். அவை 1889-இல் வெளிவந்தன. அவ்வாண்டு ஜூலை 10-ஆம் நாள், 60-ஆம் வயதில் செல்டன்ஹாமில் காலமானார்.

பின் நிகழ்ந்தவை

அவர் மறைந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 1900-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த டிரவுட் முட்டைகள் காஷ்மீரில் பொரித்தன. அதற்கு முந்திய ஆண்டு வந்தவை வழியிலேயே அழிந்திருந்தன. இன்று காஷ்மீரத்து ஓடைகளில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அனுமதிச் சீட்டுப் பெற்று ஈ கட்டிய தூண்டில் வீசுகிறார்கள். நீலகிரியில் எச். சி. வில்சன் என்பவர் 1907-இல் அவலாஞ்சியில் மீன் குஞ்சுப் பண்ணை அமைத்தார். அங்கே நிலைத்தது டே கொண்டுவர விரும்பிய பழுப்பு டிரவுட் அன்று. அமெரிக்க நாட்டு வானவில் டிரவுட். பழுப்பு டிரவுட்டைவிடச் சற்று மிகுதியான வெப்பத்தையும் அது தாங்கும்.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பிற மீனைத் தின்னும் அயல் மீனை ஓர் ஓடையில் விட்டால் அங்குள்ள சிறு மீன்கள் என்னாகும் என்ற கேள்வி டேயின் காலத்தில் பெரிதாக எழவில்லை. இன்று எந்த விலங்கியல் மாணவனும் அதைக் கேட்பான். டேயின் முயற்சி வென்றிருந்தால் நீலகிரியில் தூண்டில்காரர்கள் அரை நூற்றாண்டு முன்னதாக மகிழ்ந்திருப்பார்கள், அவ்வளவே. அவர் நம் ஆற்று மீன்களை எண்ணி எழுதாமல் போயிருந்தால், எந்த ஆற்றில் எந்த மீன் இருந்தது, எது மறைந்தது என்று இன்று சொல்ல நமக்கு அளவுகோல் இருந்திராது.

நண்பர்களே! கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் ஊர் ஏரியிலும் ஆற்றிலும் வலை வீசுவோரிடம் மீன்களின் பெயரையும், அவை வரும் மாதத்தையும் கேட்டு எழுதுங்கள். அவர்கள் பெயரையும் மறவாமல் உடன் எழுதுங்கள். பேராசிரியர்கள் வழிகாட்டினால் நம் மாவட்டத்து மீன்களின் பட்டியல் ஒன்றை நம் துறையே வெளியிடலாம். டாக்டர் டேக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே ஆகும்.