ஒரே விதியைத் தேடி…

நுழையும்முன்

பலவாகத் தோன்றும் இயற்கை நிகழ்ச்சிகளுக்கெல்லாம் அடிப்படையான விதி ஒன்றே ஒன்றாக இருக்குமா என்பது அறிவியலின் நெடுநாளைய வினா. அத்தகைய விதி கிடைத்துவிட்டால், அவ்விதியைக் கண்டறிந்த மனித மனத்தையும் அது விளக்கிவிடுமா என்பது அதனினும் கடினமான வினா. முதல் வினாவுக்கு விடை தேடித் தம் வாழ்வின் இறுதி முப்பது ஆண்டுகளைச் செலவிட்டவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். இரண்டாம் வினாவின் முன் அவர் கொண்ட அடக்கமும் அறியத்தக்கது. அவருடைய அந்த நெடிய தேடலை விளக்குகிறது இப்பாடம்.

இளமையும் கல்வியும்

ஜெர்மனியின் உல்ம் நகரில் 1879ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் ஹெர்மன் – பாலின் இணையருக்கு மகனாகப் பிறந்தார் ஐன்ஸ்டைன். தந்தையார் மியூனிக் நகரில் மின்கருவித் தொழில் நடத்தியவர். தாயார் இசையில் தோய்ந்தவர். நான்கைந்து வயதில் ஒருநாள் நோயுற்றுப் படுத்திருந்த சிறுவனுக்குத் தந்தையார் காந்தத் திசைகாட்டி ஒன்றைக் காட்டினார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதன் ஊசி ஒரே திசையை நாடி நின்றது. எதுவும் தொடாமலே ஒரு பொருள் இயங்குவதைக் கண்ட வியப்பு அவர் உள்ளத்தில் நிலைத்தது. கண்ணுக்குப் புலப்படும் பொருள்களுக்குப் பின்னால் ஆழ்ந்து மறைந்த ஒழுங்கு ஒன்று இருக்க வேண்டும் என்னும் எண்ணம் அன்றே முளைத்ததாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

தாயாரின் விருப்பத்தால் கற்கத் தொடங்கிய வயலின் அவருக்கு வாழ்நாள் துணையாயிற்று. பன்னிரண்டாம் வயதில் கிடைத்த யூக்ளிடின் வடிவியல் நூல், சில அடிப்படை உண்மைகளிலிருந்து எத்தனையோ முடிவுகளைத் தருக்க முறையில் பெறலாம் என்பதைக் காட்டியது. 1896ஆம் ஆண்டு சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து 1900இல் பட்டம் பெற்றார். விரும்பிய ஆசிரியப் பணி கிட்டவில்லை. 1902இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் தொழில்நுட்ப அலுவலராகச் சேர்ந்தார்.

பிரிந்தவை இணைந்த வரலாறு

ஐன்ஸ்டைனின் தேடலை அறிய, அவருக்கு முன்னோர் நடந்த வழியை அறிதல் வேண்டும். மண்ணில் வீழும் கனிக்கு ஒரு விதி, வானில் சுற்றும் நிலவுக்கு வேறொரு விதி என்றே மக்கள் பன்னெடுங்காலம் எண்ணியிருந்தனர். இரண்டையும் இயக்குவது ஒரே ஈர்ப்பு விசைதான் என்பதை 1687இல் வெளியிட்ட நூலில் நியூட்டன் நிறுவினார். மின்சாரமும் காந்தமும் தனித்தனி ஆற்றல்கள் எனக் கருதப்பட்ட நிலையில், மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கும் என்பதை 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். அவ்விரண்டையும் கணிதச் சமன்பாடுகளால் இணைத்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், ஒளியும் மின்காந்த அலையே என்னும் முடிவை எட்டினார். ஆக, இயற்பியலின் பெரும் வெற்றிகள் பலவும் பிரிந்து நின்றவற்றை ஒன்றெனக் கண்ட வெற்றிகளே ஆகும்.

ஐன்ஸ்டைனும் அவ்வழியிலேயே நடந்தார். காப்புரிமை அலுவலகப் பணிக்கிடையே 1905இல் அவர் எழுதிய கட்டுரைகள் இயற்பியலின் போக்கையே மாற்றின. அவற்றுள் வெளியிடப்பெற்ற சிறப்புச் சார்பியல் கோட்பாடு காலத்தையும் வெளியையும் பிரிக்க இயலாதவாறு பிணைத்தது. நிறையும் ஆற்றலும் ஒன்றன் இரு வடிவங்கள் என்பதும் அதன் விளைவாகப் பெறப்பட்டது. 1915ஆம் ஆண்டு நவம்பரில் முழுமையடைந்த பொதுச் சார்பியல் கோட்பாடு, ஈர்ப்பு என்பது காலவெளியின் வளைவே என்று காட்டியது. 1919ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய மறைப்பின்போது, சூரியனருகே வரும் விண்மீன் ஒளி அக்கோட்பாடு கூறியவாறே வளைவது அளந்தறியப்பட்டது. உலகமெங்கும் அவர் பெயர் பரவியது. ஒளிமின் விளைவை விளக்கியமைக்காக 1921ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசும் அவருக்கு வழங்கப்பட்டது.

எஞ்சி நின்ற இரண்டு

இத்தனை புகழுக்குப் பின்னும் ஐன்ஸ்டைனின் உள்ளம் அமைதி கொள்ளவில்லை. ஈர்ப்பு ஒருபுறமும் மின்காந்தம் மறுபுறமும் தனித்து நின்றன. முன்னது காலவெளியின் வடிவமாக விளங்க, பின்னது அக்காலவெளியில் வந்து குடியேறிய அயலார்போல இருந்தது. இயற்கை அடிப்படையில் ஒன்றாயின், இவ்விரண்டு புலங்களும் ஒரே புலத்தின் இரு தோற்றங்களாகத்தானே இருக்க வேண்டும்? இவ்வெண்ணமே ஒருங்கிணைந்த புலக் கோட்பாட்டுக்கான தேடலாக உருப்பெற்றது.

இத்துறையில் புதுமையான வழி ஒன்றை 1919இல் தியோடர் கலூசா என்னும் கணித அறிஞர் ஐன்ஸ்டைனுக்கு எழுதியனுப்பினார். காலவெளியின் நான்கு பரிமாணங்களோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தால், ஈர்ப்பின் சமன்பாடுகளும் மின்காந்தத்தின் சமன்பாடுகளும் ஒரே கட்டமைப்பிலிருந்து கிடைக்கும் என்பது அதன் சாரம். ஐன்ஸ்டைன் வியந்தார், எனினும் ஐயம் தீராமல், இரண்டாண்டுகளுக்கும் மேலாகத் தயங்கிய பின்னரே 1921இல் அதனை அறிவியல் கழகத்தில் முன்வைத்தார். பின்னர்த் தாமே புதிய வழிகளை ஆராயத் தொடங்கினார்.

புகழும் பின்னடைவும்

1929ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் வெளியிட்ட ஆறு பக்கக் கட்டுரை உலகைப் பரபரப்பில் ஆழ்த்தியது. பேரண்டத்தின் புதிர் அவிழ்ந்துவிட்டது என்னும் எதிர்பார்ப்பில் நாளிதழ்கள் அதனைப் பெரிதாக வெளியிட்டன. லண்டன் மாநகரின் பெரிய அங்காடி ஒன்று அக்கட்டுரையின் பக்கங்களைத் தன் கண்ணாடிச் சாளரத்தில் ஒட்டி வைத்தது. வழிச்செல்வோர் கூட்டமாக நின்று, பொருள் விளங்காத அச்சமன்பாடுகளைப் படித்தனர்.

அறிஞர் உலகமோ அதனை ஏற்கத் தயங்கியது. ஐன்ஸ்டைனைவிட இருபத்தோராண்டு இளையவரான வோல்ஃப்காங் பாலி, ஓராண்டுக்குள் ஐன்ஸ்டைனே இக்கோட்பாட்டைக் கைவிட்டுவிடுவார் என்று வெளிப்படையாகவே எழுதினார். காலம் சற்று நீண்டதேயன்றி அவர் கணிப்புப் பொய்க்கவில்லை. 1932ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐன்ஸ்டைன் பாலிக்கு மடல் எழுதி, அவர் கூறியதே சரியென நகைச்சுவையுடன் ஒப்புக்கொண்டார். தம்மினும் இளையவரிடம் தோல்வியை மறைக்காமல் கூறிய அப்பண்பு, அவருடைய கண்டுபிடிப்புகளுக்கு இணையாகப் போற்றத்தக்கது.

காண்பவரும் காணப்படுவதும்

1930ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், பெர்லினை அடுத்த கபுத் என்னும் ஊரிலிருந்த ஐன்ஸ்டைனின் இல்லத்திற்குக் கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் சென்றார். உண்மை என்பது மனித மனத்தைச் சார்ந்ததா, சாராததா என்பது குறித்து இருவரும் உரையாடினர். மனித மனத்தின் வழியாகவே உலகம் உண்மையாகிறது என்பது தாகூரின் நிலைப்பாடு. வீட்டில் எவரும் இல்லாதபோதும் அங்குள்ள மேசை இருந்தவாறே இருக்கும் என்பது ஐன்ஸ்டைனின் நிலைப்பாடு. மனிதரைச் சாராத உண்மை உண்டு என்பதை மெய்ப்பிக்க இயலாது என்பதை ஐன்ஸ்டைன் ஏற்றார். ஆயினும் அந்நம்பிக்கையை அவர் விடவில்லை. அந்நம்பிக்கை இல்லையெனில் ஒரே விதியைத் தேடும் முயற்சிக்கே அடித்தளம் இல்லாமற்போகும். இருவரும் ஒருவர் கருத்தை மற்றவர் ஏற்காமலேயே மதிப்புடன் விடைபெற்றனர்.

பிரின்ஸ்டன் ஆண்டுகள்

நாஜிக்கள் ஆட்சிக்கு வந்த பின் ஐன்ஸ்டைன் ஜெர்மனிக்குத் திரும்பவேயில்லை. 1933ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரை அடைந்து, அங்குள்ள உயராய்வு நிறுவனத்தில் பணியேற்றார். இளைய உதவியாளர்கள் துணையுடன் ஒருங்கிணைப்பு முயற்சியைத் தொடர்ந்தார். மாதக்கணக்கில் வளர்த்த கோட்பாடு பயனற்றது என ஒருநாள் தெரியவரும். விரைவிலேயே வேறொரு புதிய எண்ணத்துடன் அவர் வருவார். சோர்வு அவரை நெடுநேரம் ஆட்கொண்டதில்லை.

முயற்சி கைகூடாமைக்குக் காரணங்கள் உண்டு. அணுவுக்குள் நிகழ்வனவற்றை நிகழ்தகவால் விளக்கும் குவாண்டம் இயங்கியல் 1920களின் நடுவில் உருவாகி, சோதனைகளில் வெற்றிமேல் வெற்றி கண்டது. இயற்கையின் அடித்தளத்தில் தற்செயலுக்கு இடமுண்டு என்பதை ஐன்ஸ்டைனின் உள்ளம் ஏற்கவில்லை. அதனால் பெரும்பாலான இயற்பியலார் சென்ற வழியிலிருந்து அவர் விலகித் தனித்து நடந்தார். மேலும், அணுக்கருவுக்குள் வேறு இரண்டு விசைகள் செயற்படுவது 1930களில் தெளிவாகிவந்தது. ஐன்ஸ்டைனின் முயற்சிகளோ ஈர்ப்பையும் மின்காந்தத்தையும் மட்டுமே கருத்திற்கொண்டன. இன்னொரு காரணமும் உண்டு. கீழே விழும் மனிதன் தன் எடையை உணரமாட்டான் என்னும் எளிய எண்ணம் பொதுச் சார்பியலுக்கு வழிகாட்டியது. இம்முறை அத்தகைய இயற்கைக் குறிப்பு எதுவும் கிட்டவில்லை. கணிதத்தின் அழகு ஒன்றே துணையாயிற்று. அது மட்டும் போதவில்லை.

விதிக்கு அகப்படாத ‘இப்பொழுது’

ஒருங்கிணைந்த கோட்பாடு கிடைத்தால் எல்லாமே விளங்கிவிடும் என ஐன்ஸ்டைன் எண்ணினாரா என்பது இங்கு எழும் வினா. அவருடைய நண்பரும் இயற்பியலாருமான மேக்ஸ் பார்னின் மனைவி ஹெட்விக், யாவற்றையும் அறிவியல் முறையில் விளக்கிவிட முடியுமா என அவரிடம் ஒருமுறை கேட்டார். முடியும், ஆனால் அதனால் பொருளிராது என்பதே ஐன்ஸ்டைனின் விடையின் கருத்து. பீத்தோவனின் இசைப்படைப்பைக் காற்றழுத்த மாறுபாடுகளின் வரைபடமாகத் தீட்டிக் காட்டலாம். அவ்வரைபடத்தில் பிழை இராது, இசையும் இராது. வயலினை வாழ்நாள் துணையாகக் கொண்டவர் பட்டறிந்து கூறிய விடை இது.

1950களின் தொடக்கத்தில் மெய்யியல் அறிஞர் ருடால்ஃப் கார்னாப்புடன் நிகழ்ந்த உரையாடலில் இவ்வெண்ணம் மேலும் ஆழமாக வெளிப்பட்டது. கடந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் என நாம் பகுத்துணர்கிறோம். இவற்றுள் ‘இப்பொழுது’ என்னும் கணம் நமக்குத் தனித்தன்மை உடையது. வலியும் மகிழ்ச்சியும் அக்கணத்தில்தான் உள்ளன. சார்பியலின் சமன்பாடுகளிலோ எல்லாக் கணங்களும் ஒரே தகுதியுடையவை. அவற்றுள் எது ‘இப்பொழுது’ என்று சுட்டும் குறி எதுவும் இல்லை. நிகழ்ச்சிகளின் வரிசையை இயற்பியலும் மனிதரின் உணர்வை உளவியலும் விளக்கினால் போதுமே எனக் கார்னாப் கருதினார். ஐன்ஸ்டைனுக்கு அது நிறைவளிக்கவில்லை. ‘இப்பொழுது’ என்பதன் சாரமான ஏதோ ஒன்று அறிவியலின் எல்லைக்குச் சற்று அப்பால் நிற்கிறது என்பதை அவர் மனவருத்தத்துடன் ஏற்றார். காலத்தைப் பற்றிய மனிதரின் கருத்தையே மாற்றியமைத்தவர், காலத்தை நாம் உணரும் முறை தம் சமன்பாடுகளில் இல்லை என்பதை மறைக்கவில்லை.

இறுதி நாள்கள்

1955ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவருடைய இளமைக்கால நண்பர் மிக்கேல் பெஸ்ஸோ மறைந்தார். முக்காலப் பகுப்பும் நீங்காத ஒரு மயக்கமே என அக்குடும்பத்தாருக்கு எழுதி ஐன்ஸ்டைன் ஆறுதல் கூறினார். சமன்பாடுகள் தந்த அந்த ஆறுதலுக்குள்ளும், பிரிந்த நண்பரை எண்ணி ஏங்கும் மனம் ஒன்று இருந்ததை அம்மடல் காட்டுகிறது.

அடுத்த மாதமே அவருடைய வயிற்றுப் பெருந்தமனி வீங்கிக் கசியத் தொடங்கியது. அறுவை மருத்துவத்தை அவர் மறுத்துவிட்டார். மருத்துவமனையிலும் தம் மூக்குக்கண்ணாடியையும் கணக்குத் தாள்களையும் கேட்டுப் பெற்று, ஒருங்கிணைந்த கோட்பாட்டின் கணக்கீடுகளைத் தொடர்ந்தார். ஏப்ரல் 18ஆம் நாள் அதிகாலையில் அவர் உயிர் பிரிந்தது. இறுதியாக அவர் சில சொற்களை ஜெர்மன் மொழியில் கூறினார். அருகிலிருந்த செவிலியர் அம்மொழியை அறியாதவர் ஆதலின், அச்சொற்கள் யாருக்கும் தெரியாமலே போயின.

பிணக்கூறாய்வின்போது அவருடைய மூளை முன்னிசைவின்றி எடுக்கப்பட்டு, ஏறத்தாழ 240 துண்டுகளாகப் பகுக்கப்பட்டது. மகனின் இசைவு பின்னரே பெறப்பட்டது. ஆய்வாளர் பலர் அத்துண்டுகளிலும் படங்களிலும் மேதைமையின் அடையாளத்தைத் தேடினர். உயிரணுக்களின் எண்ணிக்கையிலும் மடிப்புகளின் அமைப்பிலும் சில வேறுபாடுகள் கூறப்பட்டன. ஆயினும் காலவெளி வளைகிறது என்னும் எண்ணம் அம்மூளையில் எவ்வாறு உதித்தது என்பதை அவற்றுள் எதுவும் காட்டவில்லை.

தொடரும் தேடல்

ஐன்ஸ்டைன் காட்டிய இலக்கு அவரோடு மறையவில்லை. மின்காந்த விசையும் அணுக்கருவின் மென்விசையும் ஒன்றே என்பதை நிறுவிய ஷெல்டன் கிளாஷோ, அப்துஸ் சலாம், ஸ்டீவன் வைன்பர்க் ஆகிய மூவரும் 1979இல் நோபல் பரிசு பெற்றனர். அக்கோட்பாடு கூறிய துகள்கள் 1983இல் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டன. கலூசாவின் கூடுதல் பரிமாணமும் இழைக் கோட்பாட்டில் புத்துயிர் பெற்றது. எனினும் ஈர்ப்பு விசை இன்றும் ஏனையவற்றோடு இணையாமல் தனித்தே நிற்கிறது.

நான்கு விசைகளும் ஒருநாள் ஒரே சமன்பாட்டில் அடங்கக்கூடும். அன்றும் சிவப்பு நிறத்தின் அலைநீளத்தை அச்சமன்பாடு சொல்லும். சிவப்பைக் காணும்போது ஒருவருக்குள் நிகழும் உணர்வை அது சொல்லுமா என்பது திறந்த வினாவாகவே இருக்கும். மூளை அறிவியலாரும் மெய்யியலாரும் இயற்பியலாரும் இன்று அவ்வினாவைப் பல முனைகளிலிருந்து ஆராய்ந்து வருகின்றனர். விடை கிட்டாத வினாவுக்காக முப்பது ஆண்டுகள் சலிக்காமல் உழைக்கும் ஊக்கம், தோற்றபோது தோற்றேன் என்று கூறும் நேர்மை, தம் கோட்பாட்டின் எல்லையைத் தாமே சுட்டிக்காட்டும் பணிவு ஆகிய மூன்றும் அவ்வினாவை நாடுவோர்க்கு ஐன்ஸ்டைன் விட்டுச்சென்ற செல்வங்களாகும்.