பித்தளைக் கம்பி சுற்றிய துப்பாக்கி

ஜிம் கார்பெட் என்றவுடன் ஆட்கொல்லிப் புலிகளே நினைவுக்கு வருகின்றன. சம்பாவத், சௌகர், ருத்ரப்பிரயாகை என்று அவர் பெயருடன் ஒட்டிக்கொண்ட ஊர்கள் பல. தி.ஜ.ர. அவர்களின் மொழிபெயர்ப்பில் ‘குமாயுன் புலிகள்’ தமிழில் வந்தபின், இமயமலை அடிவாரத்தின் ஒற்றையடிப் பாதைகள் தமிழ் வாசகர்க்கும் பழக்கமாகிவிட்டன. ஆயினும் அம்மனிதரை உருவாக்கியவை புலிகள் அல்ல. காட்டுக்கோழியும் மயிலும், அவற்றைச் சுடுவதற்கு ஒரு சிறுவனுக்குக் கிடைத்த உடைந்த துப்பாக்கி ஒன்றுமே அவரை உருவாக்கின.

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875 ஜூலை 25 அன்று நைனிதாலில் பிறந்தார். தந்தை கிறிஸ்டோபர் வில்லியம் அவ்வூரின் அஞ்சல் அதிகாரி. பிள்ளைகள் நிறைந்த பெருங்குடும்பம். கோடையில் நைனிதால் வாசம். குளிர்காலத்தில் மலையடிவாரத்துக் காலாதுங்கி வாசம். 1881இல் தந்தை மறைந்தபோது ஜிம்முக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை. தாய் மேரி ஜேன் சிறு வருவாயில் அத்தனை பேரையும் காத்து வளர்க்க வேண்டியதாயிற்று. வெள்ளையர் குடும்பமாயினும், ஆளும் வர்க்கத்தின் மேல்தட்டில் அவர்களுக்கு இடமில்லை. இந்தியாவிலேயே பிறந்து இந்தியாவிலேயே பிழைக்க வேண்டிய குடும்பம் அது. ஆகவே, காட்டிலிருந்து ஒரு சிறுவன் கொண்டுவரும் கோழி வெறும் விளையாட்டுப் பொருள் அன்று. அது அன்றைய இரவுச் சோறு.

முதலில் கிடைத்தது கவட்டை. கடுமையான நுரையீரல் காய்ச்சலில் கிடந்து சாவின் விளிம்பைத் தொட்டு மீண்ட சிறுவனுக்கு, மூத்த அண்ணன் டாம் அதைக் கொடுத்து உயிர்மேல் ஆசை ஊட்டினார். அதன்பின் களிமண் உண்டைகளை எய்யும் இரட்டை நாண் வில் வந்தது. உறவினரான ஸ்டீபன் டீஸ் என்பார் குமாயுன் பறவைகளைப் பற்றி நூல் எழுத முனைந்திருந்தார். அவருக்காகச் சிறுவன் பறவைகளைச் சேகரித்துக் கொடுத்தான். அதற்குப் பரிசாகவே அந்தத் துப்பாக்கி வந்து சேர்ந்தது.

அது வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. முன்பு யாரோ அளவுக்கு மீறி மருந்து இட்டுச் சுட்டதில் வலக்குழல் ஆறு அங்குல நீளத்துக்குப் பிளந்திருந்தது. அதே வெடிப்பில் கட்டையும் முறிந்துவிட்டது. கட்டையும் குழல்களும் தனித்தனியே விழுந்துவிடாமல் பித்தளைக் கம்பியைச் சுற்றிச் சுற்றி இறுக்கியிருந்தார்கள். இடக்குழல் மட்டும் பழுதற்றது. பெரியவர்கள் எவரும் தொட அஞ்சும் பொருள்தான் அது. சிறுவனுக்கோ அது அரசுரிமை போல வந்தது.

இத்தகைய கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தால்தான் அது கற்பித்த பாடம் விளங்கும். முதலில் கரிமருந்தை அளந்து குழலின் வாயில் கொட்ட வேண்டும். அதன்மேல் அடைப்பு, அதைக் கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். பிறகு ரவைகள், அவை உருண்டு விழாதிருக்க மீண்டும் அடைப்பு. கடைசியாகப் பின்புறத்துக் காம்பின் மீது கேப்பைப் பொருத்திக் குதிரையைப் பின்னிழுக்க வேண்டும். ஒரு முறை சுட்டால் மறுமுறை சுடுவதற்குள் காட்டுக்கோழி அடுத்த மலைக்குப் போய்விடும். மருந்து கூடினால் எஞ்சிய குழலும் பிளக்கும். குறைந்தால் ரவை இறகைத்தான் உதிர்க்கும். மருந்தும் ரவையும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. காசோ வீட்டில் இல்லை. ஆகவே பத்து வயதை ஒட்டிய அச்சிறுவன் இரையைத் தொட்டுவிடும் தொலைவுக்கு ஊர்ந்து செல்லக் கற்றான். சருகு மிதிபடாமல் கால் வைப்பதும், காற்று எத்திசையில் வீசுகிறதென்று உணர்வதும், எந்தப் பறவை எதைக் கண்டு கூவுகிறதென்று பிரித்தறிவதும் குறையுள்ள கருவியின் குறையை நிரப்ப வந்த கல்விகளே. நல்ல துப்பாக்கி கிடைத்திருந்தால் இவ்வளவையும் கற்றிருப்பாரா என்பது ஐயமே.

குன்வர் சிங் என்னும் தாக்கூர் இக்கல்விக்கு ஆசான்களுள் ஒருவர். ஊரில் மதிப்புமிக்கவர், அரசின் பார்வையில் திருட்டு வேட்டைக்காரர். காட்டில் வழி தவறாதிருக்கவும், விலங்கின் கோபத்தை அதன் குரலிலிருந்தே அறியவும் அவர் சிறுவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். அபினிப் பழக்கத்தால் பின்னாளில் அவர் சீரழிந்ததையும் கார்பெட் மறைக்காமல் எழுதினார். ஆனால் நன்றி குன்றாமல் எழுதினார்.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றைக் கார்பெட் தம் முதல் நூலின் முன்னுரையிலேயே குறித்துள்ளார். ஐந்தாறு காட்டுக்கோழிகளைத் தொடர்ந்து ஊர்ந்த சிறுவன், ஒரு புதரின் மேலாக எட்டிப் பார்க்க நிமிர்ந்தான். புதர் அசைந்தது, மறுபுறம் ஒரு புலி வெளியேறியது, திரும்பி நின்று அவனைப் பார்த்தது, பின் அவசரமின்றி நடந்து போயிற்று. கையில் இருந்ததோ கோழி சுடும் கம்பி கட்டிய துப்பாக்கி. வம்புக்குப் போகாதவரைப் புலி மனிதனை வருத்தாது என்ற நம்பிக்கை அவருக்கு ஏட்டுக் கல்வியால் வந்ததன்று.

பள்ளிப் பருவத்தில் நைனிதால் தொண்டர் படையின் மாணவர் பிரிவில் சேர்ந்தார். அதன் பயிற்சித் தலைவர் கண்டிப்பானவர். எனினும் சிறுவனின் ஆர்வத்தைக் கண்டு இரங்கி,.450 மார்ட்டினி துப்பாக்கி ஒன்றை விடுமுறைக்கு இரவல் கொடுத்தார். நிபந்தனை இரண்டு: துப்பாக்கியைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளைத் திருப்பித் தர வேண்டும். தோட்டாவுக்குக் கணக்கு உண்டு என்ற எண்ணம் பையனின் மனத்தில் வேரூன்றிவிட்டது. படைவீரர்களுக்கென்று செய்யப்பட்ட அத்துப்பாக்கி உதைப்பதில் பேர்போனது; சிறுவனின் தோள் அதைத் தாங்கிக்கொண்டது. தம் முதல் சிறுத்தையை அவர் அதனால்தான் வீழ்த்தினார்.

பதினெட்டு வயது அளவில் வேட்டைக்காட்டை விட்டு வேலைக்குப் போக நேர்ந்தது. வங்காள - வடமேற்கு ரயில்வேயில் எஞ்சின்களுக்கு விறகு வெட்டுவிக்கும் பணி; பின்னர் கங்கைக் கரையில் மொகாமே காட்டில் சரக்கு மாற்றும் ஒப்பந்தம். அங்கே கூலிகளுடன் கூலியாக இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். அது தனி நூலாக எழுதத்தக்க வரலாறு.

1907இல் சம்பாவத் புலி. நேபாளத்திலும் குமாயுனிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட பெண்புலி அது. தாசில்தாரின் உதவியுடன் ஊராரைத் திரட்டி மலைச்சரிவைக் கலைத்தபோது, கார்பெட்டிடம் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். அவை தீர்ந்தன, காயமுற்ற புலியோ எதிரே பாறையில் நின்றது. ஓடிப்போய்த் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்தார். இருபதடித் தொலைவில் அதை உயர்த்தியபோதுதான் குழல்களுக்கும் பின்கட்டைக்கும் நடுவே ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு இடைவெளி இருப்பதைக் கண்டார். சுட்டால் மருந்தின் நெருப்பு கண்ணிலேயே அடிக்கலாம். வேறு வழியில்லை, சுட்டார். புலியின் வாய்க்குக் குறிவைத்த குண்டு அதன் காலில் பட்டது. முன்பு பட்ட காயங்களால் உயிர் போகும் தறுவாயில் இருந்த புலி அதனாலேயே சாய்ந்தது. பிளந்த குழலுடன் வளர்ந்தவருக்கு வாழ்வின் பெரிய சோதனையும் பழுதான துப்பாக்கியின் வடிவிலேயே வந்ததைப் படிக்கையில் வியப்பு மேலிடுகிறது.

இதற்குப் பரிசாக ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் சர் ஜான் ஹியூவெட் அவருக்கு ஒரு துப்பாக்கி வழங்கினார். லண்டன் ரிக்பி நிறுவனத்தின் .275 துப்பாக்கி அது. கட்டையில் பொறித்த வெள்ளித் தகட்டில் பரிசின் காரணம் எழுதப்பட்டிருந்தது. ஜெர்மானிய மௌசர் அமைப்பைத் தழுவிய அதன் தோட்டா ஐரோப்பாவில் 7 மில்லிமீட்டர் என வழங்கப்பட்டதுதான். யானைக்கும் புலிக்கும் அரை அங்குலக் குழல்களைச் சுமந்த அக்காலத்தில் இதைச் சிறுகுழல் என்றே கருதினர். மான் சுடுவதற்குப் பொருத்தமானது. புலிக்கு எளியது எனப் பலர் எண்ணினர். கார்பெட்டிடம் .450/400 கனத்த இரட்டைக்குழல் துப்பாக்கியும் பின்னர் இருந்தது. ஆயினும் மலைப்பாதையில் நாள் முழுதும் தூக்கி நடக்கவும், ஒரே குண்டைக் குறித்த இடத்தில் வைக்கவும் ரிக்பியே அவர் கைக்கு இசைந்தது. காட்டுக்கோழிக்காகக் கற்ற அருகணையும் கலையே சிறுகுழலைப் போதுமானதாக்கியது.

1926 மே மாதத் தொடக்கத்தில் ருத்ரப்பிரயாகைச் சிறுத்தை அவர் குண்டுக்கு இரையானது. எட்டு ஆண்டுகளில் 125 உயிர்களைக் குடித்து, கேதார - பத்ரிநாத யாத்திரிகரை நடுங்கவைத்த விலங்கு அது. சாலையோர மாமரத்தில் பல இரவுகள் காத்திருந்து, துப்பாக்கியில் பொருத்திய மின்விளக்கின் கணநேர ஒளியில் சுட்டார். 1930 ஏப்ரலில் சௌகர் பெண்புலியை எதிர்கொண்டது இன்னும் விந்தை. அன்று இடக்கையில் இரண்டு பறவை முட்டைகளை ஏந்தி நடந்தார். பாறை வளைவைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால், சில அடிகளில் புலி பாயக் காத்துப் படுத்திருந்தது. வலக்கையால் மட்டுமே துப்பாக்கியை அணு அணுவாகச் சுழற்றி, தோளில் வைக்காமலே சுட்டார். முட்டைகள் உடையவில்லை, அவற்றை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வந்தார்.

இவற்றால் அவரைக் குற்றமற்ற காவலராகக் காட்டுவது பொருந்தாது. அதே 1930இல் பவால்கரின் பெரும் ஆண்புலியை அவர் சுட்டார். அது எந்த மனிதனையும் கொன்றதில்லை. வைசிராய் லின்லித்கோ போன்ற பெரியோர் வேட்டைக்கு வந்தபோது ஏற்பாடுகள் செய்ததும் அவரே. பசிக்காகச் சுட்ட பையனும் பெருமைக்காகச் சுட்ட நடுவயதினரும் ஒருவரே. ஆனால் அந்த நிலையில் அவர் நிற்கவில்லை. எஃப். டபிள்யூ. சாம்பியன் எடுத்த புலிப்படங்கள் அவர் மனத்தைத் திருப்பின. திரைப்படக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு புலிகளைத் தொடர்ந்தார். கருவியின் ஓசை கேட்டாலே புலி விலகிவிடும் என்பதால், ஓடையின் சலசலப்பு அவ்வோசையை மறைக்கும் இடத்தைத் தேடிப் பிடித்தார். 1936இல் ஹெய்லி தேசியப் பூங்கா, இந்தியாவின் முதல் தேசியப் பூங்காவாக, ராம்கங்கைக் கரையில் அமைந்தபோது அதற்கு ஆதரவாக உழைத்தவர்களில் அவரும் ஒருவர்.

சோட்டி ஹல்த்வானி என்ற கிராமத்தை 1915 அளவில் விலைக்கு வாங்கிக் குடியானவர்களைக் குடியேற்றினார். பயிரைக் காட்டுப்பன்றியும் மானும் அழிக்காதிருக்க ஊரைச் சுற்றி நெடிய கற்சுவர் எழுப்பினார். சுவர் தடுக்காதவற்றுக்காக ஊராருக்குத் துப்பாக்கி ஒன்றும் கொடுத்தார். தாம் சிறுவனாய் இருந்தபோது பெற்ற கொடையை ஊருக்கு, பழுதின்றி, திருப்பித் தந்தார் எனலாம்.

1944இல், அறுபத்தொன்பதாம் வயதில், முதல் நூல் வெளிவந்து உலகப் புகழ் தந்தது. அவ்வாண்டே படைவீரர்க்குக் காட்டில் பிழைக்கும் முறையைப் பயிற்றுவித்தார். 1953இல் வெளிவந்த ‘ஜங்கிள் லோர்’ நூலில்தான் கவட்டையும் உண்டைவில்லும் கம்பி சுற்றிய துப்பாக்கியும் முழுமையாக இடம்பெற்றன. புலிக் கதைகளுக்கு ஏங்கியோர் அந்நூலைச் சற்றே குறைத்து மதித்தனர். அவர் எழுதியவற்றுள் அதுவே ஆழமானது எனக் கொள்ள இடமுண்டு.

1947இன் இறுதியில் கார்பெட்டும் தமக்கை மேகியும் நைனிதால் வீட்டை விற்றுவிட்டுக் கென்யாவுக்குப் புறப்பட்டனர். போகுமுன் தம் வேலையாள் ஒருவருடன் காட்டுக்குள் சென்று, நெடுநாள் தம்முடன் இருந்த துப்பாக்கிகள் சிலவற்றைப் பிணத்தைப் புதைப்பது போலக் குழிதோண்டிப் புதைத்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியோர் கூறுவர். விற்கவோ பிறர் கையில் விடவோ மனம் வராத பொருள்கள் அவை. ரிக்பி மட்டும் உடன் சென்றது.

1955 ஏப்ரல் 19 அன்று நியேரியில் மாரடைப்பால் மறைந்தார். ஹெய்லி பூங்கா சில ஆண்டுகளில் அவர் பெயரைச் சூடிக்கொண்டது. ரிக்பி துப்பாக்கி அவருடைய பதிப்பாளரான ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தாரிடம் சேர்ந்து, நெடுங்காலம் அங்கிருந்து, பின்னர் அதைச் செய்த நிறுவனத்திடமே திரும்பியது. 2016இல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, அது ஒருகாலத்தில் ஒலித்த குமாயுன் மலைகளில் ஊராருக்குக் காட்டினர்.