முடிவில்லா எண்களுக்குப் பெயர் தந்தவர்

கணித அறிஞர் சிவசங்கரநாராயண பிள்ளை, 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் குற்றாலத்தை அடுத்த வல்லம் என்னும் ஊரில் பிறந்தார். பிறந்த ஓராண்டில் தாயை இழந்தார். பள்ளி இறுதியாண்டில் தந்தையும் மறைந்தார். ஆசிரியர் ஒருவர் செய்த பொருளுதவியால் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரிக் கல்வி பெற்றார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தபோது, வாரிங் என்னும் ஆங்கிலேயர் 1770இல் விட்டுச்சென்ற கணிதச் சிக்கலை ஆராய்ந்து உலகப்புகழ் பெற்றார்.

பகா எண்களைப் பற்றிப் பிள்ளை ஒரு வினா எழுப்பினார். 1 முதல் 5 வரையுள்ள எண்களைப் பெருக்கினால் 120; ஒன்று கூட்டினால் 121. அதன் பகாக் காரணி 11. பதினொன்றை ஐந்தால் வகுத்தால் மீதி 1. எல்லா எண்களுக்கும் இவ்வாறே மீதி ஒன்றாகுமா? ஆகாது என அறிஞர் சௌலா காட்டினார். 1 முதல் 14 வரை பெருக்கி ஒன்று கூட்டினால், அவ்வெண் 23ஆல் மீதியின்றி வகுபடும். ஆனால் 23ஐ 14ஆல் வகுத்தால் மீதி 9. இத்தகைய பகா எண்கள் இன்று பிள்ளையின் பெயராலேயே வழங்குகின்றன.

அமெரிக்காவில் ஆய்வு செய்ய அழைப்புப் பெற்றுப் பிள்ளை பயணமானார். மும்பையிலிருந்து புறப்பட்ட அவ்விமானம், 1950 ஆகஸ்டு 31ஆம் நாள் கெய்ரோ அருகே வீழ்ந்தது. பிள்ளை தம் 49ஆம் வயதில் உயிர்நீத்தார். அவர் வாழ்நாள் குறுகியது. அவர் பெயர் தாங்கிய பகா எண்களோ முடிவில்லாதவை.

சொற்பொருள்
பகா எண் – ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண் (ஒன்று நீங்கலாக)
வினா – கேள்வி

செய்து பார்க்க
1 முதல் 8 வரை பெருக்கி ஒன்று கூட்டுக. விடையை 61ஆல் வகுக்க. பின்பு 61ஐ 8ஆல் வகுத்து மீதியை எழுதுக.