மதுவிலக்கும் மூதறிஞர் ராஜாஜியும்

மது மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதை ஜமாஅத்தாருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் நம் பிள்ளைகள் நடந்து செல்லும் கடைவீதி எல்லோருக்கும் பொதுவானது. அவ்வீதியில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் இல்லாதிருந்த ஒரு காலம் உண்டு. அதற்காகப் பாடுபட்டோருள் முன்வரிசையில் நிற்பவர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார். அவருடைய அரசியலில், குறிப்பாக 1953-ஆம் ஆண்டுக் கல்வித் திட்டத்தில், உடன்படாதோர் நம்மில் பலர் உளர். அது வேறு கதை.

1878 டிசம்பர் 10-ஆம் நாள் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த அவர், சேலத்தில் பெயர்பெற்ற வழக்கறிஞராக விளங்கினார். 1920-இல் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியபோது, பெருவருவாய் தந்த அத்தொழிலைக் கைவிட்டார். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, அங்கேயே குடியேறினார். கதர் நூற்பும் தீண்டாமை ஒழிப்பும் போலவே குடி ஒழிப்பும் ஆசிரமத்தின் அன்றாடப் பணியாயிற்று. 1929-இல் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்னும் இதழைத் தொடங்கினார். அதில் அவருக்குத் துணையாசிரியராக இருந்தவர் பின்னாளில் புகழ்பெற்ற கல்கி. சட்டம் இயற்றும் அதிகாரம் கைக்கு வருவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே அவர் கிராமத்தில் இந்த வேலையைத் தொடங்கிவிட்டார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1937 ஜூலையில் அவர் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அதே ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. பிறகு சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. கலால் வருவாய் போய்விட்டால் அரசு எப்படி நடக்கும் என்பதே அன்றும் எழுந்த கேள்வி. அதற்கு அவர் கண்ட வழி 1939-இல் கொண்டுவந்த விற்பனை வரி. வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர்; அவர் பின்வாங்கவில்லை. நம் ஊர்க் கடைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செலுத்தி வந்த அந்த வரி, குடியை நிறுத்துவதற்காகப் பிறந்தது என்பதைப் பலர் அறியார்.

அவரது அமைச்சரவை 1939-இல் பதவி விலகியது. 1943-இல் மதுவிலக்கும் நிறுத்தி வைக்கப்பட்டது. விடுதலையை ஒட்டி மீண்டும் படிப்படியாக வந்து, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதையும் தழுவியது. அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்புதான், மார்ச் 3-ஆம் நாள், புதுக்கோட்டைச் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்திருந்தது. ஆகவே நம் பகுதியும் அதற்குள் வந்தது.

அந்த 23 ஆண்டுகளில் கள்ளச்சாராயம் இல்லாமல் இல்லை. திருட்டுத்தனமாகக் குடித்தோரும் இருந்தனர். ஆனால் 1948-இல் பிறந்த ஒரு பிள்ளை, பள்ளி முடித்து, வேலைக்குச் சென்று, மணம் முடிக்கும் வயது வரை, திறந்திருக்கும் ஒரு சாராயக்கடையைத் தன் ஊரில் கண்டதில்லை. இன்று 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக்கூடாது என்ற விதி இருந்தும் பெற்றோர் அஞ்சும் நிலையை நினைத்தால், அதன் அருமை விளங்கும்.

1971-இல் நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, மதுவிலக்கைத் தள்ளிவைக்கத் தமிழக அரசு முடிவு செய்தது. மதுவிலக்கைப் புதிதாகக் கொண்டுவரும் மாநிலங்களுக்கே ஈட்டுத்தொகை, முன்பே கடைப்பிடிக்கும் தமிழகத்துக்கு இல்லை என்று நடுவணரசு கைவிரித்ததும் உண்மை. அப்போது ராஜாஜிக்கு வயது 92. கொட்டும் மழையில் முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதியின் இல்லத்துக்கு நேரில் சென்று, ஒரு தலைமுறை மறந்திருந்த பழக்கத்தை மீண்டும் கொண்டுவர வேண்டாம் என மன்றாடினார். அரசின் முடிவு மாறவில்லை. ஆகஸ்ட் 30-ஆம் நாள் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1972 டிசம்பர் 25 அன்று அவர் மறைந்தபோது, தமிழகத்தில் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் திறந்திருந்தன.